ஒரு படம், பல அடுக்குகள்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருவள்ளூரைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் திருவாலங்காடு நிலையம் வரும். நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றான இரத்தினசபை இவ்வூரில்தான் இருக்கிறது. 1905ஆம் ஆண்டில் இங்கே ஒரு பெரிய செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. மொத்தம் 31 செப்புத் தகடுகள். அவற்றை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தில் சோழ முத்திரையைப் பொருத்தியிருந்தார்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடையாகத் தந்ததைக் கூறும் ஆவணம் அது. இன்று அது சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தச் செப்பேட்டில் ஒரு விந்தை உண்டு. முன்பகுதி வடமொழியில் இருக்கிறது. பின்பகுதி தமிழில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிடுகிறது. அது ஏறத்தாழ 1018ஆம் ஆண்டு. ஆனால் வடமொழிப் பகுதியோ அவனது கடார வெற்றியைப் பாடுகிறது. கடாரப் படையெடுப்பு நடந்தது 1025ஆம் ஆண்டை ஒட்டி! 1018இல் எழுதிய ஏட்டில் 1025இன் செய்தி எப்படி வர முடியும்? ஆகவே வடமொழிப் பகுதியைப் பிற்பாடு எழுதி முன்னால் சேர்த்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சற்றே சிந்தியுங்கள். இதை அவர்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? பின்னால் வந்தவர் பழைய தகட்டைச் சுரண்டிவிட்டு அதன்மேல் எழுதவில்லை. புதிய செய்தியைத் தனித் தகடுகளில் எழுதினார். பழையது பழையதாகவே நின்றது. புதியது தனியாக நின்றது. அதனால்தான் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிகிறது.

கணினியில் படங்களைத் திருத்தும் மென்பொருள்களின் உயிர்நாடியும் இதே கருத்துத்தான். ஆங்கிலத்தில் லேயர் என்பார்கள்; நாம் அடுக்கு என்று சொல்வோம். அடுக்கு என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, அதைக் கொண்டு நீங்கள் என்ன செய்யலாம் என்று இக்கட்டுரையில் காண்போம்.

கணினிப் படம் என்பது என்ன?

கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். இறுதியில் சிறுசிறு சதுரங்கள் தெரியும். இவையே படப்புள்ளிகள், பிக்சல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்பதை அவை சொல்கின்றன. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 ஆனால் கறுப்பு. மூன்றும் 255 ஆனால் வெள்ளை.

ஆக, படம் என்பது எண்கள் நிரம்பிய ஒரு பெரிய அட்டவணையே. கணினியின் கண்ணுக்கு அதில் கோயிலும் இல்லை, கோபுரமும் இல்லை.

இப்போது அந்தப் படத்தின்மேல் சிவப்புக் கோடு ஒன்று வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடு சென்ற இடத்தில் இருந்த பழைய எண்கள் அழிந்து, அங்கே சிவப்பின் எண்கள் வந்து உட்காரும். கோட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்று பிறகு கேட்டால் கணினி விழிக்கும். செய்ததை மீட்கும் கட்டளை இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆனால் கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் அந்த நினைவும் போய்விடும். பழைய தகட்டைச் சுரண்டிவிட்டு எழுதுவது போன்ற செயல் இது.

கண்ணாடித் தாள்கள்

இதற்கு வழி என்ன? கோட்டைப் படத்தின்மேல் வரையாமல், படத்தின்மேல் விரித்த ஒரு கண்ணாடித் தாளில் வரைவதுதான். வேண்டாதபோது தாளை எடுத்துவிடலாம். படத்துக்கு ஒரு கீறலும் விழாது. உயிரியல் நூல்கள் சிலவற்றில் மனித உடலை இப்படிக் காட்டியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு தாளில் எலும்புக்கூடு, அடுத்த தாளில் தசைகள், அதற்கடுத்ததில் இரத்தக் குழாய்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் புரட்ட முழு உடல் தோன்றும்.

கேலிச்சித்திரப் படங்கள் எடுத்தவர்கள் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த உத்தியைக் கையாண்டார்கள். ஏர்ல் ஹர்ட் என்னும் அமெரிக்கர் 1914ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கோரினார். பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும். அசையும் உருவத்தை மட்டும் தெளிந்த செல்லுலாய்டு தாள்களில் மீண்டும் மீண்டும் வரையலாம். எவ்வளவு உழைப்பு மிச்சம்! 1937இல் வால்ட் டிஸ்னியின் நிறுவனம் இத்தாள்களைப் பல தட்டுகளில் இடைவெளிவிட்டு வைத்து, மேலிருந்து படம் பிடித்து, சித்திரத்துக்கு ஆழம் உண்டாக்கியது.

கணினிக்கு இந்தக் கண்ணாடித் தாள் எளிதில் கிட்டவில்லை. போட்டோஷாப் என்னும் புகழ்பெற்ற மென்பொருள் 1990இல் வெளிவந்தது. ஆனால் அதில் அடுக்கு வசதி வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில்தான். அதுவரை படத்தின்மேல் எழுத்தைப் பதித்துவிட்டால் பதித்ததுதான்!

கண்ணாடியை எண்ணாக்குவது எப்படி?

கணினிக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே என்றோம். அப்படியானால் ‘இங்கே ஒன்றும் இல்லை, கீழே இருப்பது தெரியட்டும்’ என்பதை எந்த எண்ணால் சொல்வது? 0 என்றால் கறுப்பு. 255 என்றால் வெள்ளை. இரண்டுமே நிறங்கள். ‘இல்லை’ என்பதற்கு இடமே இல்லை.

1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித், எட் காட்மல் ஆகிய இருவரும் இதற்கு விடை கண்டார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். அந்தப் புள்ளி கீழே உள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்பதை அது சொல்லும். இதற்கு ஆல்பா என்று பெயர். ஆல்பா 0 என்றால் தெளிந்த கண்ணாடி. முழு அளவு என்றால் கீழே எதுவும் தெரியாது. இடைப்பட்ட அளவு என்றால் நிறமிட்ட கண்ணாடி போல இரண்டும் கலந்து தெரியும். இப்படிக் கலப்பதற்கான விதிகளைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் இருவர் 1984இல் முறைப்படுத்தி வெளியிட்டார்கள்.

கணக்கு மிக எளிது. மேல் அடுக்கின் எண் 200, கீழ் அடுக்கின் எண் 100, மேலடுக்கின் மறைப்பளவு 25 விழுக்காடு என்க. மேலிருந்து 200இல் கால் பங்கு, அதாவது 50. கீழிருந்து 100இல் முக்கால் பங்கு, அதாவது 75. இரண்டையும் கூட்ட 125. இந்த 125தான் திரையில் தெரியும் எண். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே, இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் கணினி இக்கணக்கைக் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடுகிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? திரையில் 125 தெரிகிறதே தவிர, 200உம் 100உம் அழியவில்லை. அவை தத்தம் அடுக்கில் பத்திரமாக இருக்கின்றன. மறைப்பளவை நாளை மாற்றினால் கணக்கு மறுபடி நடக்கும். அடுக்கின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

முதல் பயிற்சி

ஜிம்ப் என்னும் மென்பொருளைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்களாக இருந்த இருவர் எழுதத் தொடங்கி, 1996இல் முதலில் வெளிவந்தது இது. விலை கிடையாது. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்திலும் ஆசிரியரிடம் கேட்டு நிறுவிக்கொள்ளலாம்.

உங்கள் ஊர்க் கோயில் சுவரில் கல்வெட்டு இருந்தால், அனுமதி பெற்று அதன் ஒரு பகுதியைப் படம் எடுங்கள். ஓர் எச்சரிக்கை: எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்லில் சுண்ணக்கட்டியோ மாவோ எண்ணெயோ தேய்க்கக் கூடாது. அது கல்லைக் கெடுக்கும். எழுத்தைத் தெளிவாக்கும் வேலையைக் கல்லில் செய்யாமல் கணினியில் செய்யத்தானே அடுக்குகள் இருக்கின்றன!

இனி, படிப்படியாகச் செல்வோம்.

முதலாவதாக, படத்தை ஜிம்பில் திறவுங்கள். அடுக்குகளின் பட்டியல் ஒரு பக்கத்தில் தெரியும். இப்போது அதில் ஒரே ஓர் அடுக்குத்தான் இருக்கும். அதன் பெயரை இருமுறை தட்டி, ‘மூலப்படம்’ என்று மாற்றுங்கள். பட்டியலில் உள்ள பூட்டுக் குறியைக் கொண்டு அதைப் பூட்டிவிடுங்கள். இனி அதில் தவறிக்கூடக் கைபடாது.

இரண்டாவதாக, லேயர் என்னும் பட்டியில் நியூ லேயர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்று கேட்கும். ஒளி ஊடுருவும் வகையைக் குறிக்கும் டிரான்ஸ்பரன்சி என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘எழுத்துக் கோடுகள்’ என்று பெயரிடுங்கள். திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. தெளிந்த கண்ணாடியை விரித்திருக்கிறீர்கள், அவ்வளவே.

மூன்றாவதாக, தூரிகைக் கருவியை எடுத்துச் சிவப்பு நிறத்தில் எழுத்துகளின்மேல் கோடு இழுங்கள். தொடங்குமுன் பட்டியலில் எந்த அடுக்கு தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ‘நான் வரைகிறேன், ஒன்றுமே தெரியவில்லையே’ என்று ஒருவர் திகைத்தால், அவர் வேறோர் அடுக்கில் வரைந்துகொண்டிருக்கிறார் என்று பொருள்.

நான்காவதாக, அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கண் குறியைத் தட்டுங்கள். கோடுகள் மறையும். மறுபடி தட்டினால் தோன்றும். ‘மூலப்படம்’ என்பதன் கண்ணை மூடினால், கல் மறைந்து எழுத்து மட்டும் தனியே நிற்கும்.

அடுக்கின் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். கோட்டு அடுக்கைப் பிடித்து மூலப்படத்துக்குக் கீழே இறக்கினால் கோடுகள் மறைந்துவிடும். மேலே உள்ளதுதான் முன்னே தெரியும். ஆனால் மேலே இருப்பதால் அது பிறகு வரையப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. திருவாலங்காட்டுச் செப்பேட்டை நினைவுகூருங்கள். முன்னால் இருக்கும் பகுதி பின்னால் எழுதப்பட்டது! அடுக்கில் இருக்கும் இடம் வேறு; உண்டான காலம் வேறு. ஆகவே ஒவ்வோர் அடுக்குக்கும் பெயரும் தேதியும் இட்டு வையுங்கள்.

ஒரே கோடு, இரண்டு எழுத்து

‘எழுத்துக் கோடுகளுக்கு ஏன் தனி அடுக்கு? படத்தின்மேலேயே வரைந்தால் என்ன குடி முழுகிப்போகும்?’ என்று கேட்கலாம். சோழர் காலத் தமிழ் எழுத்தைப் படிக்கப் பழகியவர்கள் இதற்கு விடை சொல்வார்கள்.

அக்காலத்தில் மெய்யெழுத்தின்மேல் புள்ளி வைப்பது அரிது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. இன்று நாம் கால் என்று சொல்லும் நெடில் குறியும், ரகர எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ககரம், அடுத்து ஒரு கால், அடுத்து டு என்று இருந்தால் அது ‘காடு’ ஆகலாம், ‘கரடு’ம் ஆகலாம். ‘எரி’ என்று தெரிவது ‘ஏரி’யாகவும் இருக்கலாம். விளங்குவதற்காகச் சொன்ன சொற்கள் இவை. ஆனால் கொடை நிலத்தின் எல்லைகளைச் சொல்லும் ஆவணம் ஒன்றில் காடா கரடா என்பது சிறிய கேள்வி அன்று. எது சரி என்பதை முன்பின் சொற்களைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்நிலையில் ஒருவர் படத்திலேயே ‘காடு’ என்று திருத்தமாக வரைந்து சேமித்துவிட்டால்? கல்லில் இருந்த கோடு போய், அவர் நினைத்த எழுத்து நிலைத்துவிடும். அதைப் பார்க்கும் அடுத்தவர் அதையே கல்லின் சாட்சியம் என்று நம்பிவிடுவார். கல் பின்னாளில் சிதைந்துபோனால் உண்மையை அறிய வழியே இராது.

அடுக்குகள் இத்தவற்றைத் தடுக்கின்றன. கீழே மூலப்படம். அதன்மேல் கண்ணுக்குத் தெரிந்த கோடுகள் மட்டும். அதன்மேல் ‘முதல் வாசிப்பு’. அதற்கும் மேல் ‘இரண்டாம் வாசிப்பு’. கண் குறிகளை மாற்றி மாற்றித் தட்டினால் இரண்டு வாசிப்புகளையும் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எது கண்டது, எது கருதியது என்பது ஒருபோதும் கலந்துவிடாது.

திரை போடுதல்

அடுத்து ஒரு தேவை வரும். படத்தின் ஒரு மூலை வெயிலில் வெளுத்திருக்கிறது. அதை மட்டும் இருட்டாக்க வேண்டும். மூலப்பட அடுக்கை நகல் எடுத்து, நகலை முழுவதும் இருட்டாக்குங்கள். மற்ற இடங்களில் நகலை அழிப்பானால் அழித்துவிடலாமே என்று தோன்றும். அழித்தால் அழிந்ததுதான். அதற்குப் பதிலாக நகலுக்கு ஒரு திரையைச் சேர்க்கலாம். ஜிம்பில் இதற்கு லேயர் மாஸ்க் என்று பெயர்.

திரை என்பது அடுக்கோடு ஒட்டிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம். திரையில் வெள்ளையாக உள்ள இடத்தில் அடுக்கு தெரியும். கறுப்பாக உள்ள இடத்தில் மறையும். சாம்பல் நிறமானால் அரைகுறையாகத் தெரியும். கறுப்பால் பூசி மறைத்ததை வெள்ளையால் பூசி மீட்டுக்கொள்ளலாம். எதுவும் உண்மையில் அழிவதில்லை. மேலே கண்ட ஆல்பா எண்ணைத் தூரிகையால் மாற்றுகிறீர்கள், அவ்வளவே.

பெருக்கலும் கழித்தலும்

இரண்டு அடுக்குகள் கலக்கும் முறையையும் மாற்றலாம். மோடு என்னும் பட்டியில் இதற்குப் பல வகைகள் இருக்கும். இரண்டை மட்டும் அறிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும்.

மல்ட்டிப்ளை என்பது பெருக்கல். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பெருக்கி 255ஆல் வகுக்கும். மேலே வெள்ளை, அதாவது 255 இருந்தால் என்ன ஆகும்? 255ஆல் பெருக்கி 255ஆல் வகுத்தால் கீழ் எண் அப்படியே வரும். வெள்ளை மாயமாய் மறைந்துவிடும்! மேலே கறுப்பு, அதாவது 0 இருந்தால் விடையும் 0. கறுப்பு கறுப்பாகவே நிற்கும். ஆகவே வெள்ளைத் தாளில் மையால் வரைந்த சித்திரத்தைப் படமெடுத்து, பெருக்கல் முறையில் மேலே வைத்தால், தாள் மறைந்து கோடுகள் மட்டும் தெரியும். கணினியில் வரைய வராதவர்கள் கையால் வரைந்து இப்படிச் சேர்க்கலாம்.

டிஃபரன்ஸ் என்பது கழித்தல். இரண்டு எண்களின் வேறுபாட்டை மட்டும் காட்டும். இரண்டும் சமமானால் 0, அதாவது கறுப்பு. இதைக் கொண்டு ஓர் அழகான சோதனை செய்யலாம்.

செங்கல்லில் சூளைக்காரர்கள் எழுத்துகளைப் பதித்திருப்பார்கள். அப்படிப்பட்ட செங்கல் ஒன்றை இருண்ட அறையில் வையுங்கள். கைப்பேசியை அசையாமல் மேலே பொருத்துங்கள். கைவிளக்கை இடப்பக்கம் தாழ்வாகப் பிடித்து ஒரு படம். அதே தொலைவில் வலப்பக்கம் பிடித்து ஒரு படம். இரண்டையும் அடுக்குகளாக வைத்து, மேலடுக்கைக் கழித்தல் முறைக்கு மாற்றுங்கள். சமமான பரப்பு இரு படங்களிலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் பெறும். எண் 120 என்றால் 120இலிருந்து 120 போக 0. அந்த இடம் கறுத்துவிடும். ஆனால் எழுத்தின் பள்ளத்தில் ஒரு சரிவு ஒரு படத்தில் நிழலாகவும் மறு படத்தில் ஒளியாகவும் இருக்கும். ஒன்றில் 60, மற்றதில் 170 என்றால் வேறுபாடு 110. அந்த இடம் பளிச்சிடும். கறுத்த திரையில் எழுத்தின் விளிம்புகள் மட்டும் ஒளிக்கோடுகளாக எழுந்து நிற்பதைக் காண்பீர்கள்! விளக்குக்கு அருகிலுள்ள ஓரங்கள் சற்று வெளிறித் தெரிந்தால் கவலை வேண்டாம். விளக்கின் தொலைவை மாற்றி மறுபடி முயலுங்கள்.

இதன் பெரிய அண்ணன் ஒரு முறை உண்டு. பல திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த படங்களைச் சேர்த்து, பரப்பின் மேடுபள்ளங்களைக் கணக்கிடும் வழியை டாம் மால்ஸ்பெண்டரும் அவருடைய கூட்டாளிகளும் 2001இல் வெளியிட்டார்கள். தேய்ந்த பழம்பொருள்களைப் படிக்க அருங்காட்சியகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன.

திருவாசி எங்கே?

திருவாலங்காட்டிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்ற இன்னொரு செல்வம், சோழர் காலச் செப்புத் திருமேனியான நடராசர். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் நடராசரின் அழகை வியந்து எழுதிய கட்டுரை 1921ஆம் ஆண்டில் நூலாக வந்தது. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்துச் சிலைகளின் ஒளிப்படங்களைப் பார்த்தே எழுதினார். ஓர் ஒளிப்படத்தை நம்பி எவ்வளவு தூரம் செல்கிறோம் பாருங்கள்!

இந்தத் திருமேனியைச் சுற்றித் தீச்சுடர்கள் கொண்ட திருவாசி இல்லை. பள்ளிக் கண்காட்சிக்கு நீங்கள் ஒரு படம் செய்கிறீர்கள். திருவாசியோடு காட்டினால் அழகாயிருக்கும் என்று விரும்புகிறீர்கள். தாராளமாக வரையலாம். ஆனால் தனி அடுக்கில் வரையுங்கள். ‘கற்பனை’ என்று பெயரிடுங்கள். அச்சிடும்போது கற்பனைப் பகுதியை 40 விழுக்காடு மறைப்பளவில் மங்கலாக வைத்து, படத்தின் அடியில் ஒரு வரி எழுதுங்கள். பார்ப்பவர் சிலையின் அழகையும் காண்பார். எது இருக்கிறது, எது நீங்கள் சேர்த்தது என்பதையும் அறிவார்.

சேமிக்கும்போது கவனம்

அடுக்குகள் இலவசமாக வருவதில்லை. ஒரு புள்ளிக்கு மூன்று நிறங்கள், ஓர் ஆல்பா, ஆக நான்கு எண்கள். ஓர் எண்ணுக்கு ஒரு பைட்டு. 4,000 புள்ளி நீளமும் 3,000 புள்ளி அகலமும் உள்ள படத்தில் 1 கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உண்டு. ஆகவே ஓர் அடுக்குக்கு 4 கோடியே 80 இலட்சம் பைட்டு. பத்து அடுக்குக்கு 48 கோடி பைட்டு! கணினி மூச்சுவாங்கினால் காரணம் இதுவே. முடிந்துபோன வேலைகளை ஒரே அடுக்காகச் சேர்த்துக்கொண்டால் சுமை குறையும். ஆனால் மூலப்படத்தை மட்டும் எதனோடும் சேர்க்க வேண்டாம்.

கோப்பின் வகையும் முக்கியம். ஜிம்பில் ‘சேவ்’ என்று சேமித்தால் எக்ஸ்.சி.எஃப். என்னும் வகையில் எல்லா அடுக்குகளும் நிற்கும். ‘எக்ஸ்போர்ட்’ செய்து ஜேபெக் ஆக்கினால் எல்லா அடுக்குகளும் ஒன்றாகத் தட்டையாகிவிடும். ஒளி ஊடுருவும் தன்மையும் போய்விடும். பி.என்.ஜி. வகை ஊடுருவும் தன்மையைக் காக்கும். ஆனால் அடுக்குகளைக் காக்காது. தட்டையான படத்திலிருந்து பழைய அடுக்குகளைத் திரும்பப் பெற முடியாது. 125 என்ற எண் மட்டும் கையில் இருந்தால், அது 200உம் 100உம் கலந்து வந்ததா, வேறு இரண்டு எண்கள் கலந்து வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே வேலைக்கு எக்ஸ்.சி.எஃப்., பிறருக்கு அனுப்ப ஜேபெக் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே, கைப்பேசியில் நாள்தோறும் நமக்கு வந்துசேரும் படங்கள் எல்லாம் இப்படித் தட்டையாக்கப்பட்டவையே. அவற்றுக்குள் எத்தனை அடுக்குகள் இருந்தன, எது மூலம், எது சேர்க்கை என்பது வெளியே தெரியாது. ஒரு படத்தைக் கண்டவுடன், ‘இதன் அடுக்குகள் எவை?’ என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டால், அதுவே அறிவியல் மனப்பான்மையின் நல்ல அடையாளம்.

செய்து பாருங்கள்

1. மேலடுக்கு 240, கீழடுக்கு 80, மேலடுக்கின் மறைப்பளவு 50 விழுக்காடு. திரையில் தெரியும் எண் என்ன? மறைப்பளவை 75 விழுக்காடு ஆக்கினால்?

2. பெருக்கல் முறையில் மேலே 51, கீழே 200. விடை என்ன?

3. உங்கள் தெருவின் பழைய ஒளிப்படம் ஒன்று கிடைத்தால், அதே இடத்தில் நின்று புதிய படம் எடுங்கள். இரண்டையும் அடுக்குகளாக வைத்து, மேலடுக்கின் மறைப்பளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள். மறைந்த மரங்களையும் முளைத்த கட்டடங்களையும் பட்டியலிடுங்கள்.

விடைகள்: 1. 160, 200. 2. 40.